'மேலே சொல்லிவிட்டேன்' என்பது விடை ஆகாது

நோட்டன் பிரிட்ஜிலும் சுற்றுத் தோட்டங்களிலும் இருந்து பி.எம்.பி. என்ற திட்ட முகாமைத்துவச் சான்றிதழ்ப் பரீட்சைக்குக் கூடிப் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு,

போன மாதம் உங்கள் ஞாயிற்றுக்கிழமைப் படிப்புக்கு வந்து பின்வாங்கில் இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்திருந்தேன். ஒன்பது பேர் இருந்தீர்கள். வெளியே மழை. ஒரு தங்கை எழுந்து ஒரு கேள்வியை வாசித்தாள்: கட்டட வேலைக்கான பொருட்கள் இரண்டு கிழமை பிந்தித்தான் வரும் என்று விநியோகிப்பவர் அறிவிக்கிறார். திட்ட முகாமையாளர் முதலில் செய்ய வேண்டியது என்ன? நான்கு விடைகள். ஒன்பது பேரில் ஏழு பேர் ஒரே விடைக்குக் கை தூக்கினீர்கள்: திட்டத்துக்குப் பணம் தருபவருக்கு உடனே அறிவிக்க வேண்டும்.

விடைத்தாளைப் பார்த்துப் பிழை என்று தெரிந்ததும் அடுத்த கேள்விக்குப் போய்விட்டீர்கள். நான் அங்கே ஒன்றும் சொல்லவில்லை. ஹட்டனுக்குத் திரும்பும் பஸ்ஸில் முழு வழியும் அந்த ஏழு கைகள்தான் என் கண்ணுக்குள் நின்றன. ஏனென்றால் முதல் தடவை பரீட்சை எழுதியபோது நானும் அதே கையைத்தான் தூக்கினேன். தோற்றேன்.

எழுதியவர்களுக்குப் பரீட்சையை நடத்தும் நிறுவனம் ஒரு தாள் தரும். எந்தப் பகுதியில் எப்படிச் செய்தீர்கள் என்று அதில் இருக்கும். 2021 ஜனவரியில் வந்த முறையில் பரீட்சைக்கு மூன்று பகுதிகள்: மக்கள் 42 வீதம், செய்முறை 50 வீதம், வணிகச் சூழல் 8 வீதம். செய்முறையில் நான் தேறியிருந்தேன். வணிகச் சூழலும் பரவாயில்லை. மக்கள் என்ற பகுதியில்தான் மிகக் கீழான மட்டம். பன்னிரண்டு காம்பிரா லயத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். ஒரு சுவருக்கு அப்பால் யார் அழுகிறார்கள், யார் சமைக்கவில்லை என்று சத்தத்தை வைத்தே தெரிந்துகொண்டு வளர்ந்தவள். எனக்கா மக்களைத் தெரியாது என்று இரண்டு நாள் மனம் ஆறவில்லை. மூன்றாம் நாள் பயிற்சிக் கேள்விகளை மறுபடி எடுத்து, பிழைவிட்டவற்றை மட்டும் வரிசையாக வாசித்தேன். பத்துக்கு ஏழு இடத்தில் நான் தெரிவு செய்திருந்தது ஒரே மாதிரியான விடை: மேலே அறிவி, மேலே கேள், உத்தரவு வரும்வரை பொறு.

அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. நாம் பெரட்டுக்களத்தில் இருந்து வந்தவர்கள். விடியக் காலையில் எல்லோரும் நிற்பார்கள். ஒருவர் பேசுவார். இந்த மலைக்கு இத்தனை பேர், அந்த மலைக்கு இத்தனை பேர், கவ்வாத்துக்கு இத்தனை பேர் என்று பிரித்து அனுப்புவார். நிற்பவர் கேட்க வேண்டும், போக வேண்டும். எதிர்த்துக் கேட்டால் அன்றைக்குப் பேர் விழாது. என் அம்மா முப்பத்தொரு வருடம் அப்படி நின்றார். அவர் எனக்குச் சொல்லித்தந்த முதல் பாதுகாப்புப் பாடம், எதுவானாலும் மேலே சொல்லிவிடு, பிறகு உன்மேல் பழி வராது என்பதுதான். அந்தப் பாடம் அவரைக் காப்பாற்றியது. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். 2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை நம் ஆட்கள் நடந்தார்களே, அந்த இருநூறு வருடத்தில் பெரும்பகுதி, வாயைத் திறக்காமல் இருப்பதே உயிர் பிழைக்கும் வழியாக இருந்தது.

ஆனால் இந்தப் பரீட்சை கேட்பது வேறு. இதில் ஏறத்தாழப் பாதிக் கேள்விகள் 'அஜைல்' முறையையும் கலப்பு முறையையும் பற்றியவை. அஜைல் முறையில் வேலை செய்யும் குழுக்களிலும் வழக்கமாகக் காலையில் எல்லோரும் கூடி நிற்கிறார்கள். கால் மணி நேரம்தான். ஸ்க்ரம் குழுவின் அன்றாடக் கூட்டத்தைத்தான் சொல்கிறேன். நேற்று என்ன முடித்தேன், இன்று என்ன செய்யப் போகிறேன், எனக்கு எது தடையாக நிற்கிறது என்று ஒவ்வொருவரும் தன் வாயால் சொல்கிறார்கள். தலைவர் என்று இருப்பவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். தடையை நீக்குவது அவருடைய வேலை. அதுவும் காலை, அதுவும் நின்றபடி. பேச்சு மட்டும் எதிர்த் திசையில் ஓடுகிறது. முதன்முதலில் அதைப் பற்றிப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரிடம் யாராவது ஒரு நாளாவது, உனக்கு எது தடையாக இருக்கிறது என்று கேட்டிருப்பார்களா?

சரி, பொருட்கள் பிந்தும் அந்தப் பரீட்சைக் கேள்விக்கு என்ன விடை? பொருள் பிந்தினால் எந்த வேலை பாதிக்கும், எவ்வளவு பாதிக்கும், முன்பே இதை எதிர்பார்த்து ஏதாவது வழி எழுதி வைத்திருக்கிறோமா என்று குழுவோடு இருந்து முதலில் பார்க்க வேண்டும். பிறகு செய்யக்கூடியதைச் செய்ய வேண்டும். அதற்குப் பிறகே மேலே போக வேண்டும், அதுவும் கையில் ஒரு வழியோடு.

இது வெள்ளைக்காரர் கண்டுபிடித்த புதினம் என்று நினைக்காதீர்கள். நான் பத்து வயதில் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் பின்னேரம் பெருமழை. ரோட்டில் மண் சரிந்து கொழுந்து லொறி வர முடியவில்லை. மடுவத்தில் நிறுத்த கொழுந்து சாக்குச் சாக்காகக் கிடந்தது. சாக்கில் அடைந்து கிடந்தால் கொழுந்து சூடேறிச் சிவந்துவிடும். பிறகு அது தேயிலைக்கு ஆகாது. எங்கள் கங்காணி ஐயா முதலில் சாக்குக்குள் கையை விட்டுப் பார்த்தார். எல்லாச் சாக்கையும் அவிழ்க்கச் சொன்னார். மடுவத்துத் தரையில் படங்கை விரித்துக் கொழுந்தைப் பரப்பினார்கள். பெண்கள் இரண்டு பக்கமும் குந்தியிருந்து கையால் அளைந்து காற்றுப்படப் புரட்டினார்கள். இரண்டு பேரைக் குறுக்குப் பாதையால் அனுப்பி, பக்கத்து டிவிஷனுக்கு லொறி வருமா என்று பார்த்துவரச் சொன்னார். அவர்கள் வந்து வரும் என்றார்கள். அதற்குப் பிறகே கண்டக்டரிடம் ஆள் போனது: ரோடு மூடிவிட்டது, கொழுந்தைப் பரப்பி வைத்திருக்கிறோம், இந்தப் பாதையால் தலைச்சுமையாக அந்த டிவிஷனுக்குக் கொண்டுபோகலாம், சரியா? அவரும் மேலேதான் சொன்னார். ஆனால் கையை விட்டுப் பார்த்த பிறகு சொன்னார், செய்ததைச் சொன்னார், வழியையும் சேர்த்துச் சொன்னார்.

தம்பி தங்கைகளே, பரீட்சையில் அப்படியான கேள்வி வரும்போதெல்லாம் சாக்குக்குள் போன அந்தக் கையை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் தடவை நான் தேறியது அதை நினைத்துத்தான்.

மேலே சொல்வதே சரியான விடையாகும் இடங்களும் இருக்கின்றன. திட்டத்தின் நோக்கமே மாறும்போது, உங்களுக்குக் கொடுத்த அதிகாரத்துக்கு மேலான பணத்தைத் தொட வேண்டியபோது, சட்டத்தை மீறும் ஒன்று நடக்கும்போது தனியாக முடிவெடுக்கக் கூடாது. இந்த வேறுபாடு புத்தகத்தில் ஒரு பக்கத்தில் இல்லை. நூறு கேள்வியில் பிழைவிட்டுத்தான் கைவரும். ஆகவே பிழைவிட்ட கேள்விகளுக்கென்று ஒரு தனிக் கொப்பி வையுங்கள். சரியாகச் செய்தவற்றைத் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை.

மேலே சொன்னதோடு நிற்காத ஒருவரின் கதை உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. உங்கள் வகுப்பில் இருந்து இறங்கி நடந்தால் அணை தெரிகிறது. கெஹெல்கமு ஓயாவை மறித்துக் கட்டிய நோட்டன் அணை. அதன் தண்ணீர்தான் பழைய லக்ஷபான மின்நிலையத்துக்குப் போகிறது. பக்கத்திலேயே 50 மெகாவோட் விமலசுரேந்திர மின்நிலையம், 1965இல் இருந்து ஓடுகிறது. அதற்குக் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் இருந்து தண்ணீர் வருகிறது. அந்தப் பெயருக்குரிய டி. ஜே. விமலசுரேந்திரவின் கதையை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாக வைத்துப் பேசுங்கள். எந்தப் பயிற்சி நிலையமும் அதைவிட நல்ல பாடம் தராது. இந்த ஆறுகளில் இருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டு 1918இல் பொறியியலாளர் சங்கத்தில் கட்டுரை வாசித்தார். அவரும் மேலே சொன்னார். மேலே இருந்தவர்கள் ஏற்கவில்லை. 1920களில் வேலை தொடங்கியது. பணமில்லை என்று நின்றது. அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றபின், 1931இல் இரத்தினபுரியில் தேர்தலில் நின்று அரசாங்க சபைக்குப் போய், அங்கே எழுந்து அதே திட்டத்தைப் பேசினார். லக்ஷபான மின்சாரம் 1950இல் வந்தது. அவர் இறந்தது 1953இல். கட்டுரைக்கும் மின்சாரத்துக்கும் இடையில் முப்பத்திரண்டு வருடம்.

திட்டத்தோடு தொடர்புள்ளோர் யார், அவர்களில் அதிகாரம் உள்ளவர் யார், அக்கறை உள்ளவர் யார், பணம் தருபவரின் ஆதரவு போனால் என்ன ஆகும் என்று பாடத்தில் வரும் அத்தனையும் அந்த முப்பத்திரண்டு வருடத்துக்குள் இருக்கிறது. இன்னும் ஒன்றையும் சேர்த்துப் பேசுங்கள். எங்கள் லயத்துக்குக் கரண்ட் வந்தது நான் ஐந்தாம் ஆண்டு படிக்கும்போது. அதுவரை குப்பி லாம்பு வெளிச்சத்தில் படித்தேன். படிக்கும் இடத்தில் இருந்து பார்த்தால் பவர் ஹவுஸ் வெளிச்சம் தெரியும். திட்டம் முடிந்துவிட்டது என்பதும், அதன் பலன் யார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதும் இரண்டு கேள்விகள். இரண்டாவதை வணிகச் சூழல் என்ற பகுதியில் கேட்பார்கள். வருங்காலத்தில் அந்தப் பகுதியின் கனம் கூடுமே தவிரக் குறையாது என்பது என் எண்ணம். பரீட்சையின் உள்ளடக்கப் பட்டியலைச் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள், ஆகவே நீங்கள் பதிவு செய்யும் நாளில் எது நடைமுறையில் இருக்கிறதோ அதை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள். அண்ணன்மார் தந்த பழைய குறிப்புகளை நம்பிப் போகாதீர்கள்.

விண்ணப்பத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். உங்களில் பலர் தடக்கி நிற்பது அங்கேதான். பட்டம் இல்லாதவர் எழுத முடியாது என்று ஒரு தம்பி சொன்னான். அது பிழையான தகவல். 2021 முறையின்படி நான்கு வருடப் பட்டம் உள்ளவருக்கு, கடைசி எட்டு வருடத்துக்குள் 36 மாதம் திட்டங்களை வழிநடத்திய அனுபவம் வேண்டும். பட்டம் இல்லாமல் உயர்தரமோ டிப்ளோமாவோ உள்ளவருக்கு 60 மாதம் வேண்டும். இரண்டு தரப்புக்கும் 35 மணித்தியாலப் பயிற்சி. நான் டிப்ளோமாவோடுதான் எழுதினேன். அனுபவமே இல்லாமல் இப்போதுதான் உயர்தரம் முடித்த தங்கைகள் இருவர் இருக்கிறீர்கள். உங்களுக்குக் 'கெப்பம்' என்ற கீழ்ப்படிச் சான்றிதழ் இருக்கிறது. 23 மணித்தியாலப் பயிற்சி, 150 கேள்வி, மூன்று மணித்தியாலம். அதை முதலில் எடுங்கள். பிறகு பி.எம்.பி.க்கு வரும்போது அது 35 மணித்தியாலப் பயிற்சிக்கு ஈடாகக் கொள்ளப்படும்.

அனுபவம் என்று எதை எழுதுவது? இங்கே ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். கொழுந்து பறிப்பது திட்டம் அல்ல. சுற்று முடிந்தால் மறுபடி அதே மலை, அதே வேலை. அது நாளாந்த இயக்கம். பழைய தேயிலையைப் பிடுங்கி, மண் தேறுவதற்குப் புல் போட்டு, பிறகு கன்று நட்டு, ஒரு மலையைப் புதிதாக்கி ஒப்படைப்பது திட்டம். அதற்குத் தொடக்கம் உண்டு, முடிவு உண்டு, அதற்கு முன் இல்லாத ஒரு பொருள் கடைசியில் கையில் இருக்கும். உங்களில் ஒரு தம்பி தண்ணீர்க் குழாய் போடும் வேலையில் நாற்பது வீட்டுக்குப் பொறுப்பாக இருந்ததைச் சொன்னான். சொல்லிவிட்டு, அது சும்மா கொந்தரப்பு வேலை அக்கா என்றான். சும்மா இல்லை தம்பி. ஆட்களைப் பிரித்தது நீ, குழாய் வராத நாளில் வேலை வரிசையை மாற்றியது நீ, மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் யாருக்கு முதலில் என்று சண்டை வந்தபோது இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசியது நீ. அதைத்தான் அவர்கள் வழிநடத்துதல் என்கிறார்கள். பதவியின் பெயரைக் கேட்கவில்லை. என்ன செய்தாய் என்று கேட்கிறார்கள்.

எழுதும்போது ஒவ்வொரு திட்டத்துக்கும் நோக்கம், உன் பங்கு, கிடைத்த முடிவு மூன்றையும் எழுது. ஒரே காலத்தில் இரண்டு திட்டம் நடந்திருந்தால் அந்த மாதங்களை ஒரு தடவைதான் எண்ணுவார்கள். சிலருடைய விண்ணப்பத்தை எழுந்தமானமாக எடுத்துச் சரிபார்ப்பார்கள். அப்போது நீ வேலை செய்த இடத்துப் பொறுப்பாளர் உறுதிப்படுத்த வேண்டும். ஆகவே பழைய மேற்பார்வையாளர்களின் இலக்கங்களை இப்போதே தேடி எடுத்து, அவர்களோடு ஒரு வார்த்தை கதைத்து வையுங்கள். இல்லாத மாதத்தை இருப்பதாக எழுத வேண்டாம். எழுதச் சொல்லி ஆலோசனை தருபவர்கள் இருக்கிறார்கள், காசுக்குக் கேள்வித்தாள் தருகிறோம் என்று வருபவர்களும் இருக்கிறார்கள். பொறுப்பு, மரியாதை, நியாயம், நேர்மை என்ற நான்கின் மேல்தான் அந்த நிறுவனத்தின் ஒழுக்கக் கோவையே நிற்கிறது. நாம் உழைத்துச் செய்த வேலையே எழுதப் போதுமானது. அதை ஒழுங்காக எழுதிவைக்க இதுவரை யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

நான் படித்த எந்தப் பக்கத்தையும்விட எனக்கு அதிகம் கற்றுத்தந்தது ஓர் அடுப்பு. அதையும் சொல்லிவிடுகிறேன். மலையகத்தில் ஒரு வீட்டுத் திட்டத்தில் இரண்டு வருடம் வேலை செய்தேன். ஏழு பேர்ச் காணி, தனி வீடு. லயத்தில் இருந்து தனி வீட்டுக்குப் போகும் நாளை எத்தனை தலைமுறை கனவு கண்டது என்று உங்களுக்குத் தெரியும். வரைபடம் அழகாக இருந்தது. சாவி கொடுத்து மூன்று மாதத்தில் போய்ப் பார்த்தால், வீட்டுக்கு வீடு பின்பக்கம் தகரம் இறக்கித் தனியாக ஒரு குசினி கட்டியிருக்கிறார்கள். உள்ளே இருந்த சமையலறையில் விறகு எரித்தால் புகை போக வழியில்லை. தேயிலை மாரும் சவுக்கு விறகும் எரிக்கும் வீடு அது. ஓர் அம்மா என்னைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய், புதுச் சுவரில் ஏறியிருந்த கரியை விரலால் தொட்டுக் காட்டினார். "புள்ள, நீயும் லயத்துப் பிள்ளைதானே, நீயாவது கேட்டிருக்கலாமே" என்றார்.

நான் கேட்கவில்லை. வரைபடம் மேலே இருந்து வந்தது, வந்ததைக் கட்டினோம். சரியான நேரத்தில், சரியான பணத்துக்குள் முடித்தோம் என்று எங்களுக்குப் பாராட்டும் கிடைத்தது. தொடர்புள்ளோரைத் தொடக்கத்திலேயே இனங்கண்டு அவர்களின் தேவையைக் கேட்டறிக என்ற வரியைப் புத்தகத்தில் வாசிக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கரி விரல்தான் எனக்கு முன்னால் வருகிறது. நீங்கள் வாசிக்கும்போது அதை உங்கள் அம்மாவின் விரலாக நினைத்து வாசியுங்கள்.

இடர் முகாமைத்துவம் என்ற அத்தியாயத்தில் நீங்கள் குழம்புவதைப் பார்த்தேன். இடர் என்பது இன்னும் நடக்காதது. நடந்துவிட்டால் அது பிரச்சினை. இடர்ப் பதிவேட்டில் எழுதினால் மட்டும் போதாது. அதற்கு ஒரு சொந்தக்காரர் இருக்க வேண்டும், என்ன செய்வது என்று எழுதியிருக்க வேண்டும், அதைச் செய்ய நாளும் பணமும் ஒதுக்கியிருக்க வேண்டும். இதை மனப்பாடம் செய்யாதீர்கள். மீரியபெத்தையை நினையுங்கள். கொஸ்லந்தையில், 2014 ஒக்டோபர் 29 காலை, மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை தாளில் இருந்தது. மக்கள் அதே லயத்தில் இருந்தார்கள். அவர்களை வேறு இடத்தில் குடியேற்றும் வேலை ஒருவருடைய பொறுப்பாக, ஒரு நாள் குறித்து, முடித்துக்கொடுக்கப்படவில்லை. ஒவ்வொருவரும் மேலே சொல்லிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சொன்னதால் யார் பிழைத்தார்? பரீட்சையில் இடரின் சொந்தக்காரர் யார் என்று கேட்கும் கேள்வியை வெறும் புள்ளிக்கான கேள்வியாக நம்மால் பார்க்க முடியாது.

கணக்குப் பகுதிக்குப் பயப்பட வேண்டாம், அது சின்னது. பத்து ஏக்கர் கவ்வாத்து, பத்து நாள், ஒரு இலட்சம் ரூபாய் என்று வையுங்கள். எண்கள் விளங்குவதற்காகத்தான். ஐந்தாம் நாள் மாலை பார்த்தால் நான்கு ஏக்கர் முடிந்திருக்கிறது, 64,000 ரூபாய் செலவாகியிருக்கிறது. ஐந்து நாளில் 50,000 ரூபாய் வேலை முடிந்திருக்க வேண்டும். முடிந்தது 40,000 ரூபாய் வேலை. நாற்பதை ஐம்பதால் வகுத்தால் 0.8, நாட்கணக்கில் பின்னால் நிற்கிறோம். நாற்பதை அறுபத்துநான்கால் வகுத்தால் 0.625, காசு கரைகிறது. இதே போக்கில் போனால் முழு வேலைக்கு 1,60,000 ரூபாய் ஆகும். செக்ரோலைப் பார்த்து இந்தக் கணக்கை மனத்தால் போடும் கணக்கப்பிள்ளைகள் நம் தோட்டங்களில் இருந்தார்கள். கேள்வியில் இதற்குப் பெரிய பெயர்கள் இருக்கும், அவ்வளவே.

மொழிதான் மெய்யான சுவர். பரீட்சை பல மொழிகளில் இருக்கிறது. தமிழிலும் இல்லை, சிங்களத்திலும் இல்லை. ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். ஆனால் அகராதியை உருப்போட வேண்டியதில்லை. கேள்வியின் கடைசி வரியை முதலில் வாசியுங்கள். முதலில் செய்வது எது, அடுத்துச் செய்வது எது, மிகச் சிறந்தது எது, முன்பே என்ன செய்திருக்க வேண்டும் என்ற நான்கில் ஒன்றைத்தான் பெரும்பாலும் கேட்பார்கள். அந்த ஒரு சொல்லைப் பிடித்தால் பாதி வழி. பாடத்தைப் படித்தவுடன் அதைத் தமிழில் வீட்டில் யாருக்காவது சொல்லிப் பாருங்கள். நான் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவுக்குச் சொல்வேன். அவர் "அப்படியென்றால்?" என்று கேட்ட இடமெல்லாம் எனக்கே விளங்காத இடமாக இருந்தது.

2021 முறையில் பரீட்சைக்கு 180 கேள்வி, 230 நிமிடம். ஒரு கேள்விக்கு ஏறத்தாழ 77 விநாடி. அறுபது கேள்விக்கு ஒரு தடவையாக இரண்டு இடைவேளை, பத்துப் பத்து நிமிடம். இடைவேளைக்கு எழுந்தால் முந்திய பகுதிக்குத் திரும்ப முடியாது. நான்கு மணித்தியாலம் ஒரே இடத்தில் இருந்து வாசிப்பது உடம்புக்குப் பழக வேண்டும். ஆகவே கடைசி மாதத்தில் நான்கு முழு மாதிரிப் பரீட்சையாவது ஒரே இருப்பில் எழுதுங்கள். வீட்டில் இருந்தே இணையத்தில் எழுதலாம் என்று சொல்வார்கள். நம் ஊரில் இடி மழைக்குக் கரண்ட் போகும், சிக்னல் போகும். அந்தச் சோதனை உங்களுக்கு வேண்டாம். முதல் நாளே பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய், ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கி, காலையில் பரீட்சை நிலையத்துக்குப் போங்கள். கினிகத்தேனை இறக்கத்தில் மண் விழுந்து மூடிய ரோட்டில் நின்றுகொண்டு கைக்கடிகாரத்தைப் பார்க்கும் நிலை யாருக்கும் வரக் கூடாது.

பணம். கட்டணம் டொலரில். 2022இல் நம் ரூபாய் விழுந்த பிறகு அது எவ்வளவு ஏறியது என்று நான் சொல்லத் தேவையில்லை. 2021இல் ஆயிரம் ரூபாய், 2024இல் 1,350 ரூபாய் என்று போராடிப் பெற்ற நாட்சம்பளத்தில், அது உங்கள் அம்மாமார் பல மாதம் மலையேறும் காசு. அதனால் இரண்டு சொல்கிறேன். முதலில் நிறுவனத்தின் உறுப்பினராகுங்கள். உறுப்பினருக்குக் கட்டணம் குறைவு, வழிகாட்டி நூலையும் தரவிறக்கிக்கொள்ளலாம். இரண்டாவது, வட்டிக்கு வாங்காதீர்கள். ஒன்பது பேரும் சேர்ந்து ஒரு சீட்டுப் பிடியுங்கள். யாருக்குச் சீட்டு விழுகிறதோ அவர் எழுதப் போகட்டும், மற்ற எட்டுப் பேரும் அவரைத் தயார்படுத்துங்கள். முதலில் போகிறவர் தேறினால் அடுத்தவருக்கு ஆசிரியர் கிடைத்தார். தோற்றால் அவருடைய பிழைக் கொப்பி எட்டுப் பேருக்கும் உதவும். விண்ணப்பத்துக்கு அங்கீகாரம் கிடைத்த நாளில் இருந்து ஒரு வருடத்துக்குள் மூன்று தடவை எழுத இடமுண்டு. ஒரு தடவை தோற்பது முடிவு அல்ல, நான் சாட்சி.

தேறிய பிறகு மூன்று வருடத்துக்கு ஒருமுறை 60 புள்ளி சேர்த்துச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். மற்றவருக்குக் கற்பித்தாலும் அந்தப் புள்ளியில் ஒரு பகுதி கிடைக்கும். அந்தப் பகுதியை நான் உங்கள் வகுப்பில் சேர்க்கத் தீர்மானித்திருக்கிறேன்.

வருகிற ஞாயிறு காலை ஹட்டனில் இருந்து முதல் பஸ்ஸில் வருகிறேன். ஒன்பது பேரும் வரும்போது ஒவ்வொரு தாள் கொண்டு வாருங்கள். நீங்கள் பொறுப்பாக நின்று முடித்த ஒரு வேலையைத் தமிழிலேயே ஒரு பக்கம் எழுதியிருக்க வேண்டும். யார் உத்தரவிட்டார் என்று எழுத வேண்டாம். நீங்கள் என்ன பார்த்தீர்கள், யாரிடம் கேட்டீர்கள், என்ன முடிவெடுத்தீர்கள் என்று எழுதுங்கள். அந்தத் தாளில் இருந்து தொடங்குவோம்.

அன்புடன்,
உங்கள் அக்கா